நாற்காலி யாருடையது?

ஒரு மாநிலத்தார் தங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்துத் தலைநகரத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே போய் உட்கார்ந்த பிறகு அவர் யாருடைய ஆள்? அனுப்பியவர்களுடைய ஆளா, தேசம் முழுவதற்கும் உரியவரா, அல்லது தம்முடைய மனச்சாட்சிக்கு மட்டுமே கட்டுப்பட்டவரா? தேர்தல் சமயத்தில் இதைப் பற்றிக் கொஞ்சம் பேசுகிறோம்; கட்சி மாறினவர்களைத் திட்டுகிறபோது இன்னும் கொஞ்சம் பேசுகிறோம்; பிறகு மறந்துவிடுகிறோம். நான் சில மாதங்களாக அமெரிக்க ஸெனட்டின் பழைய கதைகளைப் படித்துக்கொண்டிருந்தேன். அதிலும் மாஸச்சூஸெட்ஸ் என்ற ஒரே மாநிலத்தின் கதை. அந்த மாநிலத்துக்கு ஸெனட்டில் இரண்டு இடங்கள். அவற்றில் ஓர் இடத்தில் ஒருவர் பின் ஒருவராக வந்து உட்கார்ந்த நாலைந்து மனிதர்களைப் பார்த்தாலே போதும், மேற்சொன்ன கேள்வி நாம் நினைப்பதுபோல் அத்தனை சுலபமானதல்ல என்று தெரிந்துவிடும்.

முதலில் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். 1787இல் எழுதப்பட்ட அவர்களுடைய அரசியல் சட்டம், பெரிய மாநிலமானாலும் சின்ன மாநிலமானாலும் ஸெனட்டில் இரண்டே இடம் என்று வைத்தது. பதவிக்காலம் ஆறு வருஷம். ஸெனட்டர்களை ஜனங்கள் நேரே தேர்ந்தெடுக்கவில்லை. மாநிலச் சட்டசபைதான் தேர்ந்தெடுத்தது. 1913இல் பதினேழாவது திருத்தம் வரும்வரை இதுதான் முறை. ஆகவே, ‘உன்னை அனுப்பியவர் யார்?’ என்று ஒரு ஸெனட்டரைக் கேட்டால் அந்தக் காலத்தில் விரல் நீட்டிக் காட்டக்கூடிய ஒரு சபை இருந்தது. அந்தச் சபை கோபித்துக்கொள்ளவும் செய்யும், கடிதம் எழுதவும் செய்யும்.

1803இல் ஜான் குவின்ஸி ஆடம்ஸ் அந்த இடத்துக்கு வந்தார். முன்னாள் ஜனாதிபதியின் மகன். ஃபெடரலிஸ்ட் கட்சியின் செல்லப்பிள்ளை. அந்தக் கட்சியின் உயிர் பாஸ்டன், ஸேலம் முதலிய துறைமுகங்களில் இருந்தது. 1807ஆம் வருஷக் கடைசியில் ஜனாதிபதி ஜெஃபர்ஸன், இங்கிலாந்தையும் பிரான்ஸையும் வழிக்குக் கொண்டுவருவதற்காக, அமெரிக்கக் கப்பல் எதுவும் அயல்நாட்டுக்குப் போகக் கூடாது என்று ஒரு தடைச் சட்டம் கொண்டுவந்தார். கப்பலால் பிழைக்கிற ஊருக்கு இதைவிடப் பெரிய இடி வேறு என்ன? ஆனால் கப்பற்காரர்களின் ஸெனட்டரான ஆடம்ஸ் அந்தச் சட்டத்தை ஆதரித்து வோட்டுப் போட்டார். இங்கிலாந்து தேசத்துக்குச் செய்த அவமானத்தைப் பொறுப்பதைவிட நஷ்டத்தைப் பொறுப்பது மேல் என்பது அவர் எண்ணம்.

மாநிலத்தில் அவரைத் துரோகி என்றார்கள். அவருடைய பதவிக்காலம் முடிய இன்னும் ஒன்பது மாதம் இருக்கும்போதே, 1808 ஜூனில், சட்டசபை அவருக்குப் பதிலாக வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டது. தடைச் சட்டத்தை எதிர்க்கும்படி தீர்மானமும் போட்டது. ஆடம்ஸ் உடனே ராஜிநாமாச் செய்தார். நீங்கள் சொல்கிறபடி வோட்டுப் போட என்னால் முடியாது. உங்கள் விருப்பத்துக்கு விரோதமாக உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கவும் முடியாது. அவர் செய்ததன் அர்த்தம் அவ்வளவுதான்.

இதில் ஒரு விஷயம். அந்தச் சட்டம் தோற்றுத்தான் போயிற்று. 1809இல் அதை எடுத்துவிட்டார்கள். துறைமுகத்துக்காரர்கள் சொன்னதுதான் பலித்தது. ஆனாலும் ஆடம்ஸின் மேல் நமக்கு மதிப்புக் குறையவில்லை. ஏன் குறையவில்லை என்று எண்ணிப் பார்த்தேன். அவர் தம் அபிப்பிராயத்துக்குத் தாமே விலை கொடுத்தார். நாற்காலியைத் திருப்பிக் கொடுத்தார். அந்த விலையை வேறொருவன் தலையில் கட்டவில்லை.

நம் ராஜ்ய சபையும் 1952 முதல் மாநிலச் சட்டசபைகள் தேர்ந்தெடுக்கிற சபைதான். ஆனால் இடங்கள் ஜனத்தொகையை ஒட்டியவை, தமிழ்நாட்டுக்குப் பதினெட்டு. அங்கே ஓர் அங்கத்தினர் ஆடம்ஸைப்போலத் தம் கட்சியின் கட்டளையை மீறி வோட்டுப் போட்டால், 1985ஆம் வருஷத்துக் கட்சித்தாவல் தடைச் சட்டத்தின்படி இடத்தையே இழக்க நேரும். விலை பேசிக் கட்சி மாறுகிறவர்களைத் தடுக்கத்தான் இதைக் கொண்டுவந்தார்கள். அந்த வலையில் திருடனோடு சந்நியாசியும் சேர்ந்து விழுகிறான். இதைச் சொல்லி மேலே போகிறேன். இது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

பிரிட்டனில் எட்மண்ட் பர்க் 1774லேயே பிரிஸ்டல் வாக்காளர்களிடம் இந்தக் கேள்விக்குத் தம் பதிலைச் சொல்லிவிட்டார். பிரதிநிதி உங்களுக்குத் தர வேண்டியது உழைப்பை மட்டுமல்ல, தம் பகுத்தறிவையுந்தான். உங்கள் அபிப்பிராயத்துக்காக அதைப் பலியிட்டால் அவர் உங்களுக்குச் சேவை செய்யவில்லை, துரோகம் செய்கிறார் என்பது அவர் வாதத்தின் சாரம். படித்தவர்களுக்கு மிகவும் பிடித்த வாதம் இது. நானும் ரொம்ப நாள் இதை மெச்சிக்கொண்டிருந்தவன்தான். ஆனால் இந்த வாதத்தின் கீழே டேனியல் வெப்ஸ்டரையும் கொண்டுவந்து நிறுத்தலாம். அங்கேதான் சங்கடம்.

வெப்ஸ்டரைப்போல ஒரு பேச்சாளர் அமெரிக்காவில் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை என்பார்கள். பிறந்தது நியூ ஹாம்ப்ஷையர். 1827இல் மாஸச்சூஸெட்ஸின் ஸெனட்டரானார். 1850இல் தேசம் உடையும் போலிருந்தது. புதிதாகச் சேர்ந்த நிலங்களில் அடிமை முறை இருக்கலாமா கூடாதா என்று வடக்கும் தெற்கும் மல்லுக்கு நின்றன. அப்போது ஒரு சமரசத் திட்டம் வந்தது. அதன் ஒரு பகுதி, தப்பியோடும் அடிமைகளைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற சட்டம். மாஸச்சூஸெட்ஸோ அடிமை முறையை எப்போதோ ஒழித்த மாநிலம். மார்ச் 7ஆம் தேதி வெப்ஸ்டர் எழுந்து, நான் மாஸச்சூஸெட்ஸ்காரனாகப் பேசவில்லை, வடக்கத்தியானாகவும் பேசவில்லை, அமெரிக்கனாகப் பேசுகிறேன் என்று ஆரம்பித்து, அந்தச் சமரசத்தை முழுவதும் ஆதரித்தார்.

பர்க்கின் இலக்கணம் இதில் எந்த இடத்தில் குறைகிறது? மாநிலத்தின் கோபத்துக்கு அவர் அஞ்சவில்லை, தேசத்தை எண்ணினார். தென்னாட்டுப் பருத்தியை நம்பியிருந்த பாஸ்டன் ஆலை முதலாளிகள் அவருக்கு நெடுங்காலமாகப் பணம் கொடுத்து வந்தார்கள் என்பது உண்மை. ஆனால் பணத்துக்காகத்தான் பேசினார் என்று நான் சொல்ல மாட்டேன். தேசம் உடையக் கூடாது என்ற கவலை அவருக்கு மனப்பூர்வமானது. அவர் வாங்கிக் கொடுத்த பத்து வருஷ அவகாசத்தில்தான் வடக்கு பலம் பெற்றது என்று சொல்லுகிற சரித்திரக்காரர்களும் உண்டு. கவிஞர் விட்டியர் அவரை இறந்துபோனவராகவே பாவித்து ஒரு கவிதை எழுதினார். அந்த வருஷம் ஜூலையில் வெப்ஸ்டர் ஸெனட்டை விட்டு மந்திரி பதவிக்குப் போனார், 1852இல் இறந்தார்.

அந்தச் சட்டம் எப்படிப்பட்டது என்று ஒருதரம் பார்க்க வேண்டும். பிடிபட்ட மனிதன் தன் சார்பாகச் சாட்சி சொல்ல முடியாது. ஜூரி விசாரணை கிடையாது. தீர்ப்புச் சொல்லும் கமிஷனருக்குக் கூலி உண்டு: ‘இவன் அடிமைதான்’ என்று தீர்ப்பளித்தால் பத்து டாலர், ‘இல்லை’ என்றால் ஐந்து டாலர். பத்திரம் எழுதுகிற வேலை அதிகம் என்று அதற்குச் சமாதானம் சொன்னார்கள்.

1854 மே மாதம் பாஸ்டனில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆண்டனி பர்ன்ஸ் என்ற இளைஞன் பிடிபட்டான். வர்ஜீனியாவிலிருந்து தப்பி வந்தவன். அவனை மீட்கக் கோர்ட்டுக் கட்டிடத்தின் கதவை உடைத்தார்கள். காவலாள் ஒருவன் செத்தான். ஆனால் மீட்க முடியவில்லை. ஜூன் 2ஆம் தேதி, தெரு நெடுகிலும் சிப்பாய்கள் நிற்க, கட்டிடங்களில் கறுப்புத் துணி தொங்க, ஆயிரமாயிரம் ஜனங்கள் வசைமாரி பொழிய, அந்த ஒற்றை மனிதனைக் கப்பலுக்கு நடத்திக்கொண்டு போனார்கள். மறு வருஷம் பாஸ்டன்வாசிகள் பணம் சேர்த்து அவனை விலைக்கு வாங்கி விடுதலை செய்தார்கள் என்பது பிற்பாடு நடந்த கதை. அவன் படித்துப் பாதிரியாராகி, கனடாவில் 28ஆம் வயதில் இறந்துபோனான்.

கம்பன் விழாப் பட்டிமண்டபங்களில் கும்பகர்ணனா விபீஷணனா என்று வாதாடுவார்கள். இனத்தோடு நின்று செத்தவன் பெரியவனா, தர்மத்தைத் தேடி இனத்தை விட்டுப் போனவன் பெரியவனா என்பது வாதம். கேட்க நன்றாக இருக்கும். பிரதிநிதி மாநிலத்தோடு நிற்பதா, தேசத்தோடு நிற்பதா என்பதும் அதே வகை வாதந்தான். ஆனால் பாரதத்தில் வேறொரு சபை வருகிறதே, அதுதான் எனக்கு இங்கே ஞாபகத்துக்கு வருகிறது. தன்னைத் தோற்றவன் தன் மனைவியைப் பணயம் வைக்கலாமா என்று கேள்வி எழுகிறது. தர்மம் நுட்பமானது என்கிறார் பீஷ்மர். அவர் சொன்னது பொய்யுமல்ல. ஆனால் அவர் நுட்பத்தை ஆராய்ந்துகொண்டிருக்கும்போது ஒருத்தியின் கூந்தல் ஒருவன் கையில் இருக்கிறது. வெப்ஸ்டரின் மார்ச் 7ஆம் தேதிப் பிரசங்கத்தைப் படித்தபோது பீஷ்மர் பேசுவதாகவே எனக்குப் பட்டது. அழகான பேச்சு. ஆண்டனி பர்ன்ஸ் அதில் இல்லை.

ஆடம்ஸும் சொந்த மாநிலத்தை எதிர்த்தார், வெப்ஸ்டரும் எதிர்த்தார். தைரியத்தை மட்டும் அளந்தால் இருவரும் ஒரே உயரந்தான். ஆனால் ஆடம்ஸின் தைரியத்துக்குச் செலவழிந்தது ஆடம்ஸின் பதவி, அதோடு வோட்டுரிமையுள்ள கப்பற்காரர்களின் லாபம். அவர்கள் கோபித்துக்கொண்டு அவரை மாற்ற முடிந்தது, மாற்றினார்கள். வெப்ஸ்டரின் தைரியத்துக்குச் செலவழிந்தது பர்ன்ஸின் உடம்பு. பர்ன்ஸ் யாரை மாற்றுவான்? மாநிலமா மனச்சாட்சியா என்று நாம் கேட்கிற கேள்வியில் வோட்டில்லாதவனுக்கு இடமே இல்லை. அவனுக்குப் பிரதிநிதி யார்?

இந்த இடத்தில் ஆடம்ஸ் மறுபடியும் வருகிறார். ஜனாதிபதியாக இருந்து இறங்கிய பிறகு, 1831இல், அவர் கீழ்ச்சபைக்குச் சாதாரண அங்கத்தினராகப் போனார். ஜனாதிபதியாக இருந்தவர் இப்படி இறங்கி வருவது கௌரவமா என்று கேட்டவர்களும் உண்டு. அடிமை முறைக்கு எதிரான மனுக்களைச் சபையில் எடுத்துக்கொள்வதே இல்லை என்று அங்கே ஒரு விதி போட்டிருந்தார்கள். வருஷக்கணக்காக அந்தக் கிழவர் அந்த விதியோடு போராடினார். 1837இல் ஒருநாள், அடிமைகளே கையெழுத்திட்ட ஒரு மனு என்னிடம் இருக்கிறது, அதைக் கொடுக்கலாமா என்று சபாநாயகரைக் கேட்டார். சபையில் பெரிய ரகளை. வோட்டே இல்லாத மனிதர்களின் கடுதாசியைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். 1844இல்தான் அந்த விதி போயிற்று.

வெப்ஸ்டர் விட்ட இடத்துக்கு, இடையில் இரண்டு பேர் கொஞ்சகாலம் இருந்துபோன பின், 1851இல் சார்ல்ஸ் ஸம்னர் வந்தார். சட்டசபையில் மூன்று மாதத்துக்கு மேல் இழுபறி; 26ஆவது தடவை வோட்டு எடுத்தபோது ஒரே ஒரு வோட்டில் ஜெயித்தார். அடிமை முறையை வேரோடு எதிர்த்தவர். நல்லவர். ஆனால் பழகுவதற்கு இனியவரல்லர். என்னுடைய நாவல் ஒன்றில் இவரைப் பாத்திரமாக வைத்தால் வாசகர்களுக்கு இவரைப் பிடிக்கவே பிடிக்காது: கர்வம், நகைச்சுவையே இல்லாத மனம், எதிராளியை மனிதனாகவே மதியாத பேச்சு. 1856 மே 19, 20 தேதிகளில் கான்ஸாஸ் விவகாரம் பற்றிப் பேசியபோது, சபையில் இல்லாத தென் கரோலினா ஸெனட்டர் பட்லரின் பேச்சுக் குறையைக்கூட எடுத்துக் கேலி செய்தார். அதை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

22ஆம் தேதி சபை கலைந்த பிறகு ஸம்னர் தம் மேஜையில் எழுதிக்கொண்டிருந்தார். பட்லரின் உறவினரும் கீழ்ச்சபை அங்கத்தினருமான பிரஸ்டன் புரூக்ஸ் வந்து கைத்தடியால் தலையில் அடித்தார். மேஜை தரையோடு முடுக்கப்பட்டது. கால்கள் அதன் கீழே மாட்டிக்கொண்டன. ஸம்னர் மேஜையைப் பெயர்த்துக்கொண்டு எழுந்து, ரத்தத்தில் கண் தெரியாமல் விழுந்தார். தடி முறியும்வரை அடி நிற்கவில்லை. புரூக்ஸுக்குக் கோர்ட்டில் முந்நூறு டாலர் அபராதம். சபையிலிருந்து நீக்க மூன்றில் இரண்டு பங்கு வோட்டுக் கிடைக்கவில்லை. அவரே ராஜிநாமாச் செய்துவிட்டு ஊருக்குப் போனார். ஊர்க்காரர்கள் அவரையே திருப்பி அனுப்பினார்கள். முறிந்ததற்குப் பதிலாகப் புதுத் தடிகளும் பரிசாக வந்தன. இவரும் தம் தொகுதியின் உண்மையான பிரதிநிதிதான். வாக்காளர்களின் எண்ணத்தைப் பிசகில்லாமல் பிரதிபலிப்பதே பிரதிநிதியின் லட்சணம் என்பவர்கள் புரூக்ஸையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஸம்னரால் வேலைக்குத் திரும்ப முடியவில்லை. நடிக்கிறார் என்றார்கள் தெற்கத்தியார். பாரிஸில் ஒரு வைத்தியர் மயக்க மருந்தில்லாமல் முதுகில் நெருப்பு வைத்துச் சுட்டு வைத்தியம் செய்தார். இதற்கிடையில், 1857 ஜனவரியில், பதவிக்காலம் முடியும் தறுவாயில் இருந்தது. மாஸச்சூஸெட்ஸ் சட்டசபை என்ன செய்தது? பேசவோ வோட்டுப் போடவோ சக்தியில்லாத அந்த மனிதரையே ஏறக்குறைய ஒருமனதாக மீண்டும் தேர்ந்தெடுத்தது. நடுவில் ஓரிரு தடவை வந்து பார்த்துத் திரும்பியதைத் தவிர, 1859 டிசம்பர்வரை அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது.

வியாபாரக் கணக்குப் பார்த்தால் இது நஷ்டம். இரண்டு வோட்டில் ஒன்று மூன்று வருஷம் வீண். மற்றோர் ஸெனட்டரான ஹென்றி வில்ஸன் தனியாகச் சுமக்க வேண்டியிருந்தது. (வில்ஸன் செருப்புத் தைத்துப் பிழைத்து மேலே வந்தவர், தலைநகர் வாஷிங்டனில் அடிமைகளை விடுவித்த 1862ஆம் வருஷச் சட்டத்துக்கு மசோதா கொண்டுவந்தவர் அவரே. ஸம்னரைப்போல அவரை யாரும் சிலையாக்கிப் பேசுவதில்லை; எனக்கு அவரைத்தான் அதிகம் பிடிக்கிறது.) ஆனாலும் காலியான அந்த இடம் சபையில் தினமும் எல்லோர் கண்ணிலும் பட்டது. பேச்சுக்காக அடிக்கப்பட்டவனை நாங்கள் மாற்ற மாட்டோம் என்று ஒரு மாநிலம் சொன்ன பதில் அது. அன்றைக்கு ஸெனட்டர் மாநிலத்துக்குப் பிரதிநிதியாக இல்லை. மாநிலம் தன் ஸெனட்டருக்குப் பிரதிநிதியாக இருந்தது.

பிற்காலத்தை வேகமாகச் சொல்லிவிடலாம். 1899இல் பிலிப்பைன் தீவுகளை எடுத்துக்கொள்ளும் உடன்படிக்கை ஸெனட்டில் 57க்கு 27 என்று, தேவைக்கு ஒரே வோட்டு அதிகமாகப் பெற்று நிறைவேறியது. மாஸச்சூஸெட்ஸின் ஹோர் என்ற முதியவர் தம் கட்சியையும் ஜனாதிபதியையும் மீறி எதிர்த்து வோட்டுப் போட்டார். அதே மாநிலத்தின் லாட்ஜ் ஆதரித்தார். வோட்டில்லாத பிலிப்பினோவுக்காக ஒருவர் பேச, மற்றவர் மறுக்க, மாநிலம் 1901இல் ஹோரையே மறுபடியும் அனுப்பிற்று. ஜனங்கள் நேரே வோட்டளித்த முதல் தேர்தல் அங்கே 1916இல் நடந்தது. லாட்ஜ் ஜெயித்தார், தோற்றவர் பிட்ஸ்ஜெரால்ட். 1952இல் லாட்ஜின் பேரனைத் தோற்கடித்தவர் பிட்ஸ்ஜெரால்டின் பேரன் ஜான் கென்னடி. இப்படி ஆடம்ஸ், வெப்ஸ்டர், ஸம்னர் இருந்த அந்த இடம் கென்னடிக்கு வந்தது.

1954 டிசம்பர் 2ஆம் தேதி, யாரைக் கண்டாலும் கம்யூனிஸ்ட் என்று வேட்டையாடிய ஸெனட்டர் மக்கார்த்தியைக் கண்டிக்கும் தீர்மானம் 67க்கு 22 என்று நிறைவேறிற்று. கென்னடியின் வோட்டு அதில் இல்லை. முதுகெலும்பில் ஆபரேஷன் செய்துகொண்டு பிழைப்பாரோ மாட்டாரோ என்று கிடந்தார், அது பொய்யல்ல. ஆனால் வர முடியாதவர்கள் தங்கள் அபிப்பிராயத்தைப் பதிவு செய்ய ஒரு முறை இருந்தது. அவருடைய கட்சியில் அதைக்கூடச் செய்யாதவர் அவர் ஒருவரே. மக்கார்த்தி அவர் தந்தைக்கு நண்பர். மாஸச்சூஸெட்ஸின் ஐரிஷ் கத்தோலிக்கர்களிடையே செல்வாக்குள்ளவர். அந்த ஓய்வுக் காலத்தில்தான் கென்னடி, ஸெனட்டர்களின் தைரியத்தைப் பற்றிய தம் பிரசித்தமான புத்தகத்தில் ஈடுபட்டார். 1956இல் வெளிவந்தது, மறு வருஷம் புலிட்ஸர் பரிசும் பெற்றது. அதில் ஆடம்ஸுக்கு ஓர் அத்தியாயம் உண்டு. மார்ச் 7ஆம் தேதி வெப்ஸ்டருக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. ஸம்னருக்கு இல்லை. ஒரே இடத்தில் இரண்டு காலி நாற்காலிகள். முதலாவதை மாநிலம் வேண்டுமென்றே காலியாக வைத்தது. இரண்டாவது காலியாக இருந்தது பலருக்கும் சௌகரியமாக இருந்தது.

மற்றோர் இடத்துக்கு 1966இல் எட்வர்ட் புரூக் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஜனங்களின் நேரடி வோட்டில் ஸெனட்டுக்கு வந்த முதல் கறுப்பினத்தவர். அவரைத் தேர்ந்தெடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர். தாம் ஓர் இனத்துக்கு மட்டும் ஸெனட்டர் அல்ல, மாஸச்சூஸெட்ஸ் முழுவதற்கும் ஸெனட்டர் என்று அவர் சொல்லிவந்தார். அவர் கட்சி ஜனாதிபதி நிக்ஸனின் கட்சி. 1973இல் நிக்ஸன் விலக வேண்டும் என்று அந்தக் கட்சியிலிருந்து முதலில் சொன்ன ஸெனட்டர் அவர்.

ஸம்னரைப் பற்றி இன்னும் ஒன்று பாக்கி. உள்நாட்டு யுத்தம் முடிந்து ஏழு வருஷமான பின், 1872 டிசம்பரில், சகோதரர்களோடு செய்த சண்டைகளின் பெயர்களைப் பட்டாளங்களின் கொடிகளில் பொறிக்கக் கூடாது என்று அவர் ஒரு மசோதா கொண்டுவந்தார். தெற்கத்தியாரிடம் அடிபட்டவர்தான் இதைச் சொன்னார். அவரைக் காலி நாற்காலியோடு தாங்கிய அதே சட்டசபை, இது நம் போர்வீரர்களுக்கு அவமானம் என்று அவரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. ஸம்னர் ராஜிநாமாச் செய்யவில்லை. கண்டனத்தை ரத்துச் செய்யச் சொல்லி மனுக்கள் திரட்டியவர்களில் முன் நின்றவர், வெப்ஸ்டரைப் பாடிய அதே விட்டியர். 1874 பிப்ரவரியில் சட்டசபை தன் தீர்மானத்தை ரத்துச் செய்தது. மார்ச் 10ஆம் தேதி அந்தச் செய்தி ஸெனட்டில் சமர்ப்பிக்கப்பட்டது. மறுநாள் ஸம்னர் இறந்தார்.

கடைசி நாளில் பக்கத்தில் இருந்தவர்களிடம் அவர் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டது தம்முடைய சிவில் உரிமை மசோதாவைக் கைவிட்டுவிடாதீர்கள் என்பதைத்தான். ரயிலிலும் விடுதியிலும் நாடகக் கொட்டகையிலும் கறுப்பருக்குச் சம இடம் கேட்ட மசோதா அது. பள்ளிக்கூடங்களைப் பற்றிய பகுதியை எடுத்துவிட்டு 1875இல் நிறைவேற்றினார்கள். 1883இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே விஷயத்துக்கு மறுபடியும் ஒரு முழுச் சட்டம் வர 1964 ஆயிற்று.